கேட்ட எச்பி வரவில்லையா? நைட்ரஸ் ஜெட் பிழையை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் என்று தமிழக எல்லையை ஒட்டிய இந்தப் பாலக்காட்டுப் பக்கத்தில் நைட்ரஸ் கிட் (நைட்ரஸ் ஆக்சைடைக் கூடுதல் பெட்ரோலோடு இஞ்சினுக்குள் விட்டு எச்பியை, அதாவது குதிரைத்திறனை, ஏற்றும் அமைப்பு) மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வண்டி நினைத்தபடி இழுக்கவில்லை என்றால் உடனே ஜெட்டை (நைட்ரஸும் பெட்ரோலும் எவ்வளவு போக வேண்டும் என்று அளக்கும் சின்னத் துளையுள்ள திருகு) கழற்றி அடுத்த நம்பரைப் போடுகிறார்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் இன்னொன்று. ஆனால் பத்து வண்டியில் பாதிக்கு மேல் ஜெட்டில் தப்பே இருக்காது. பாட்டில் அழுத்தம், பெட்ரோல் அழுத்தம், பிளக் இவற்றில் ஏதோ ஒன்று சொதப்பியிருக்கும். அதைப் பார்க்காமல் ஜெட்டை மாற்றினால் தப்பு மறைந்துகொள்ளும். அடுத்த வெயில் நாளில் பிஸ்டனோடு வெளியே வரும்.

கிட்டோடு வரும் ஜெட் சார்ட், அதாவது எந்த எச்பிக்கு எந்த ஜெட் என்ற அட்டவணை, வேறு ஊர் வானிலைக்காகப் போட்டது. 30 டிகிரியை ஒட்டிய பாட்டிலில் 900 முதல் 950 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் இருக்கும் என்ற கணக்கில்தான் அதில் எல்லா நம்பரும் எழுதியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் மார்ச் பிறந்தால் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்தச் சார்ட்டை இங்கே அப்படியே நம்ப முடியாது.

சட்டத்தைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே இங்கே எழுதுவதெல்லாம் டிராக்கில் ஓட்டும் வண்டிக்கு மட்டும்தான். கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே ஓட்டுங்கள். பாட்டில் நிரப்புவதையும் உரிமம் உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

முதலில் ஜெட் கணக்கு

ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் நம்பர், துளையின் விட்டம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. 52 என்றால் 0.052 அங்குலம், கிட்டத்தட்ட 1.3 மில்லிமீட்டர். துளை வழியே எவ்வளவு போகும் என்பதைப் பரப்புதான் தீர்மானிக்கும், விட்டம் இல்லை. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிவிடும்.

சித்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, 25 எச்பிக்கு 24 ஜெட்னா, 50 எச்பிக்கு 48 தானுங்களே?"

"இல்ல தம்பி, 34."

அவன் நம்பவில்லை. கணக்கைப் போட்டுக் காட்டினேன். வேண்டிய எச்பியை இப்போதைய எச்பியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இப்போதைய ஜெட் நம்பரால் பெருக்க வேண்டும். 50-ஐ 25-ஆல் வகுத்தால் 2. அதன் வர்க்கமூலம் 1.414. அதை 24-ஆல் பெருக்கினால் 33.9. அவன் போட நினைத்த 48, 100 எச்பி கேட்கும் ஜெட். 85 எச்பி மாருதி எஸ்டீம் இஞ்சினில் அதை மாட்டினால் கனெக்டிங் ராடு எந்தப் பக்கமாக வெளியே வரும் என்று நின்று பார்க்க வேண்டியதுதான்.

35 எச்பி வேண்டுமா? 35-ஐ 25-ஆல் வகுத்தால் 1.4, வர்க்கமூலம் 1.18, ஆக 28. பெட்ரோல் ஜெட்டையும் இதே விகிதத்தில்தான் ஏற்ற வேண்டும். நைட்ரஸை மட்டும் ஏற்றிவிட்டு பெட்ரோல் ஜெட்டை விட்டுவைப்பது மாதிரி ஆபத்து வேறு எதுவும் கிடையாது. நைட்ரஸ் தனியாக எரியும் பொருள் இல்லை. அதன் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். காற்றில் எடைக்கணக்கில் 23 சதவீதம்தான். சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டில் அது உடைந்து ஆக்சிஜனை விடும். அந்த ஆக்சிஜனுக்கு ஈடாகப் பெட்ரோல் போகவில்லை என்றால் அலுமினியம்தான் உருகும்.

எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஒன்பதரைப் பங்கு நைட்ரஸ் இருந்தால் எல்லாம் சரியாக எரிந்து தீரும் என்பது வேதியியல். ஆனால் யாரும் அந்த விளிம்பில் டியூன் செய்ய மாட்டார்கள். ஒன்றுக்கு ஐந்து, ஐந்தரை என்று பெட்ரோலைத் தாராளமாக விட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். கூடுதல் பெட்ரோல் சூட்டைத் தணிக்கும்.

எவ்வளவு எச்பி கேட்கலாம்? கம்பெனி பிஸ்டன், கம்பெனி ராடு என்றால் இஞ்சினின் சொந்த சக்தியில் 30 சதவீதத்துக்கு மேல் கேட்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். எஸ்டீமுக்கு 25, பழைய ஹோண்டா சிட்டி விடெக்குக்கு 30. வெளிநாட்டு வீடியோவில் 100, 150 என்று போடுவதெல்லாம் 5 லிட்டர் வி8 இஞ்சினுக்கு. அந்தக் கணக்கு நமக்கு ஆகாது.

ஒரு கிட்டின் ஜெட் நம்பரை இன்னொரு கிட்டில் போட்டு அதே எச்பி எதிர்பார்க்கவும் கூடாது. நாசில் (இஞ்சினுக்குள் தெளிக்கும் முனை), சொலினாய்டின் (கரண்டில் திறக்கும் காந்த வால்வு) உள்துளை, பெட்ரோல் அழுத்தம் மூன்றும் மாறும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் 6 பிஎஸ்ஐயில் வரும், எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் தெளிக்கும்) வண்டியில் 43 பிஎஸ்ஐயை ஒட்டி வரும். அதே அளவு பெட்ரோலுக்கு இரண்டிலும் ஜெட் நம்பர் வெகுவாக வேறுபடும்.

சரி, இனி அறிகுறிகள்.

பட்டனை அழுத்தினால் வண்டி அமுங்குகிறது, கரும்புகை வருகிறது

இது ரிச், அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம். பெட்ரோல் வந்துவிட்டது, அதற்கு ஈடான நைட்ரஸ் வரவில்லை. பெட்ரோல் ஜெட்டைக் குறைக்கக் கை பரபரக்கும். பொறுங்கள்.

பாட்டில் கேஜைப் பாருங்கள். பாட்டிலுக்குள் இருக்கும் நைட்ரஸ் திரவத்தின் அழுத்தம் அதன் சூட்டை மட்டுமே பொறுத்தது. 20 டிகிரியில் ஏறக்குறைய 735 பிஎஸ்ஐ, 25-இல் 820, 30-இல் 915, 35-இல் 1020. மார்கழி விடியலில் கணவாய்க் காற்று வீசும்போது வண்டியை எடுத்தால் கேஜ் 750-ஐக்கூடத் தாண்டாது. அந்த அழுத்தத்தில் லைனுக்குள்ளேயே திரவம் ஆவியாக ஆரம்பித்துவிடும். ஜெட்டுக்கு வந்து சேர்வது பாதி திரவம், பாதி வாயு. பெட்ரோல் பம்புக்குக் குளிர் தெரியாது. அது தன் பங்கை முழுசாக அனுப்பும்.

தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் உறையைப் பாட்டிலில் சுற்றி 900-க்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் ஓட்டிப் பாருங்கள். பாட்டிலுக்குத் தீ காட்டுவது, அடுப்பங்கரையில் வைப்பது எதுவும் கூடாது. இதில் விவாதமே இல்லை.

அழுத்தம் சரியாக இருந்தும் அமுங்குகிறதா? பாட்டில் வால்வை முழுசாகத் திறந்தீர்களா என்று பாருங்கள். அரைத் திருகலில் விட்டால் நிற்கும்போது கேஜ் நன்றாகக் காட்டும், பட்டனை அழுத்தியதும் விழும். பிறகு நைட்ரஸ் சொலினாய்டுக்கு முன்னால் உள்ள சல்லடை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாட்டிலை எடை போடுங்கள். கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை கேஜ் அதே அழுத்தத்தைத்தான் காட்டும் என்பதால், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தராசுதான் சொல்லும்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல கிட்டுகளில் நைட்ரஸ் ஜெட்டும் பெட்ரோல் ஜெட்டும் ஒரே திருகில், ஒரே வடிவத்தில் இருக்கும். இடம் மாறினாலும் அழகாக உட்கார்ந்துகொள்ளும். எம்பிஎஃப்ஐயில் பெட்ரோல் ஜெட் சிறியதாக இருக்க வேண்டும். இடம் மாறினால் பெட்ரோல் வெள்ளமாகப் போகும். கழற்றி நம்பரைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

முதலில் ஒரு திணறல், அப்புறம் நன்றாக இழுக்கிறது

லைனில் வாயு நின்றிருக்கிறது. பாட்டிலிலிருந்து நாசில் வரை உள்ள குழாயில் திரவம் வந்து சேர ஒரு கணம் ஆகும். அந்த ஒரு கணம் வண்டி ரிச். கிளம்புவதற்கு முன்னால் பர்ஜ் வால்வை (லைனில் நிற்பதை வெளியே விடும் வால்வு) திறந்து வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும்வரை விடுங்கள். ஜெட்டுக்கு இதில் சம்பந்தம் இல்லை.

நன்றாக இழுத்துக்கொண்டு போய் நடுவில் விட்டு விட்டு வருகிறது

பாட்டில் படுத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். உள்ளே ஒரு வளைந்த குழாய் அடிவரை போகிறது. திரவத்தை எடுப்பது அதுதான். வண்டி பாய்ந்து கிளம்பும்போது திரவமெல்லாம் பாட்டிலின் பின்பக்கம் ஒதுங்கும். குழாயின் வாய் பின்பக்கத்துக் கீழ்மூலையில் இருந்தால்தான் திரவம் கிடைக்கும். அதனால்தான் வால்வு வண்டியின் முன்பக்கம் பார்த்து, லேபிள் மேலே பார்த்து, தலைப்பக்கம் சற்று உயர்ந்து பாட்டில் படுக்க வேண்டும் என்கிறார்கள். டிக்கியில் இடம் இல்லை என்று திருப்பிப் போட்டிருந்தால் குழாய் பாதி நேரம் வாயுவைத்தான் உறிஞ்சும். பாட்டிலைத் திருப்பிப் போடுவதைத் தவிர இதற்கு வேறு வைத்தியம் இல்லை.

ஒரே ஓட்டத்தில் கடைசி பாகம் மட்டும் கொஞ்சம் ரிச்சாகப் போவது வேறு விஷயம். நைட்ரஸ் வெளியேற வெளியேறப் பாட்டில் குளிரும், அழுத்தம் இறங்கும். சின்ன பாட்டிலில் இது கண்ணுக்குத் தெரியும். இதைச் சரிசெய்யப் பெட்ரோலைக் குறைத்தால் ஓட்டத்தின் ஆரம்பத்தில் லீனாகிவிடும், அதாவது பெட்ரோல் போதாமல் போகும். அப்படியே விடுங்கள்.

இஞ்சின் தட்டுகிறது, சைலன்சரில் பட்பட் என்று வெடிக்கிறது, பிளக் வெளுத்திருக்கிறது

இதற்குத்தான் நான் பயப்படுவேன். இது லீன், இல்லாவிட்டால் டைமிங் அதிகம் (பிளக் பொறி சீக்கிரமே விழுகிறது), இல்லாவிட்டால் இரண்டும். தட்டும் சத்தம் கேட்ட நொடியே பட்டனை விடுங்கள். காரணம் தேடுவதற்கு முன்பே நைட்ரஸ் ஜெட்டை இரண்டு நம்பர் இறக்குங்கள். பெட்ரோல் ஜெட்டை ஏற்றலாமே என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் வராததுதான் பிரச்சினை என்றால், ஜெட்டைப் பெரிதாக்கினாலும் வராத பெட்ரோல் வராது. நைட்ரஸைக் குறைத்தால் கட்டாயம் பாதுகாப்பு.

பிளக்கைக் கழற்றி பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் தட்டியிருக்கிறது. புள்ளிகளுக்கு நடுவில் வெள்ளியாக மினுக்கும் சின்னத் துணுக்குகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அத்துடன் அன்றைய ஓட்டம் முடிந்தது.

இனி காரணத்துக்கு வருவோம். நம் ஊரில் முதல் சந்தேகம் வெயில். பாட்டில் அழுத்தம் ஏறினால் லீன் பக்கம் சாயும், இறங்கினால் ரிச் பக்கம் சாயும் என்பது பட்டறையில் எல்லோரும் சொல்வது; 30 டிகிரி பக்கத்தில் அதை நம்பலாம். ஆனால் 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸின் தன்மையே வேறு. அந்தச் சூட்டைத் தாண்டினால் பாட்டிலுக்குள் திரவம், வாயு என்ற பிரிவே இருக்காது. எல்லாம் ஒரே கலவையாக, அடர்த்தி நிலையில்லாமல் நிற்கும். ஒரு ஓட்டத்தில் அதிகமாகப் போகும், அடுத்ததில் குறைவாகப் போகும், எந்தச் சார்ட்டாலும் கணிக்க முடியாது. மூடிய டிக்கி, ஏப்ரல் மாதம், மதியம் இரண்டு மணி: பாட்டில் சுலபமாக 45 டிகிரிக்குப் போய்விடும். "காலையில் நல்லாத்தான் இருந்துச்சுங்க, மத்தியானம்தான் தட்டுது" என்று யாராவது சொன்னால் நான் ஜெட்டைப் பற்றிக் கேட்க மாட்டேன். பாட்டில் எங்கே இருந்தது என்றுதான் கேட்பேன்.

பாட்டிலை நிழலுக்கு எடுத்து ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். கணவாய்க் காற்று நமக்குச் சாதகமாக இருக்கும். காற்றுப் படும்படி வைத்தால் சாக்கு சீக்கிரம் குளிர்விக்கும். வரிசையில் நிற்கும்போதும் சாக்கு கிடக்கட்டும், கேஜ் 950-க்கு வந்த பிறகு எடுங்கள். சிலர் பர்ஜ் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்குகிறார்கள். கேஜ் இறங்கும், ஆனால் பாட்டிலின் உலோகம் சூடாகவே இருப்பதால் சிறிது நேரத்தில் மறுபடி ஏறிவிடும். நைட்ரஸ் போனதுதான் மிச்சம்.

பாட்டில் சரி என்றால் பெட்ரோல் பக்கம் வாருங்கள். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்ரோல் அழுத்தத்தை வண்டி சும்மா நிற்கும்போது பார்த்துப் பயனில்லை. சொலினாய்டு திறந்து பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் நிற்கும்போது 6 பிஎஸ்ஐ, ஓடும்போது 5 என்றால் ஒரே ஒரு பிஎஸ்ஐதானே என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் 9 சதவீதம் குறைந்துவிட்டது. எம்பிஎஃப்ஐயில் 43.5-இலிருந்து 38-க்கு விழுந்தால் ஆறரை சதவீதம். பம்புக்கு வரும் வோல்ட்டை அளந்து பாருங்கள். பழைய வயரிங்கில் பேட்டரியில் 13.5 இருந்தாலும் பம்ப் முனையில் 11 தான் கிடைக்கும். ஃபில்டரை மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்றும் யோசியுங்கள்.

அடுத்தது எத்தனால். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இரண்டும் கலந்த இந்தப் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 13.5. வேறு மாதிரி சொன்னால், அதே அளவு ஆக்சிஜனுக்கு இந்தப் பெட்ரோல் சுமார் 8 சதவீதம் கூடுதலாகப் போக வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக எழுதின சார்ட்டில் உள்ள பெட்ரோல் ஜெட்டை அப்படியே போட்டால், ஆரம்பத்திலேயே 8 சதவீதம் லீன். விட்டத்தில் அது 4 சதவீதம்தான்: 26 ஜெட் என்றால் 27, 28 என்றால் 29. ஒரு நம்பர் ஏற்றினால் போதும். பழைய சார்ட் வைத்திருக்கும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். எத்தனாலுக்குத் தட்டலை அடக்கும் குணம் இருப்பது உண்மைதான், ஆனால் அதை நம்பி லீனாக ஓட்ட முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் லீன் என்றால் பெட்ரோல் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஒரு வண்டியில் அந்த வட்டத்துக்குக் குறுக்கே முடி மாதிரி ஒரு வெள்ளை இழை நின்றது. டெஃப்ளான் டேப். யாரோ பெட்ரோல் லைன் ஃபிட்டிங்கில் டேப் சுற்றியிருக்கிறார்கள், அதன் ஓரம் கிழிந்து வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த ஃபிட்டிங்குகளில் சரிவான முகம் இரண்டும் ஒன்றோடொன்று அழுந்தித்தான் அடைபடும், திருகு அல்ல. டேப் தேவையே இல்லை. அடைப்பு எடுக்க ஊசியோ கம்பியோ விடாதீர்கள். துளையின் ஓரம் கீறினால் அந்த நம்பருக்கு அர்த்தமில்லை. காற்று அடித்தால் போதும். ஜெட்டை டிரில் போட்டுப் பெரிதாக்குவதும் அதே கதைதான்.

நைட்ரஸ் பக்க ஃபிட்டிங்கில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது. அது ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு வரும் பொருள். அந்த அழுத்தத்தில் கிரீஸ் தீப்பிடிக்கும்.

கலவை சரி, ஆனாலும் தட்டுகிறது என்றால் டைமிங். நைட்ரஸ் வந்தால் எரிதல் வேகமாகும், ஆகவே பொறியைச் சற்றுத் தாமதப்படுத்த வேண்டும். 50 எச்பிக்கு 2 டிகிரி என்று வெளிநாட்டில் சொல்வது பெரிய இஞ்சினுக்கு. நம் 1.3 லிட்டர் இஞ்சினில் 25 எச்பியே கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதல் சுமை. அதற்கே 2 டிகிரி இறக்கி ஆரம்பியுங்கள், பிளக்கைப் பார்த்துக்கொண்டே தேவையானால் திருப்பி ஏற்றலாம்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

சொலினாய்டில் டக் என்று சத்தம் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் கரண்ட். ஃபியூஸ், ஆர்மிங் சுவிட்ச், ரிலே, எர்த் என்று வரிசையாகப் போங்கள். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் மட்டும் சேரும் மைக்ரோ சுவிட்ச் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் இதே கதைதான். நைட்ரஸ் சொலினாய்டு நிறைய ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயரில் நேரடியாகக் கொடுத்திருந்தால் ரிலேக்கு மாற்றுங்கள்.

வோல்ட் வருகிறது, ஆனாலும் திறக்கவில்லையா? மறுபடியும் வெயில். உள்ளே இருக்கும் பிளஞ்சர் பாட்டில் அழுத்தத்தை எதிர்த்துத்தான் மேலே எழ வேண்டும். அழுத்தம் 1100-ஐத் தாண்டி ஏறினால் காந்தத்துக்குத் தூக்க வலு போதாது. இதில் ஒரு கொடுமை உண்டு: நைட்ரஸ் திறக்காமல் பெட்ரோல் மட்டும் திறந்து மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) குளமாக நிற்கும். பாட்டிலைக் குளிரவைத்துவிட்டு, மேனிஃபோல்டு காய்ந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

சோதனைக்காக இஞ்சின் நின்றிருக்கும்போது பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். மேனிஃபோல்டில் பெட்ரோலும் நைட்ரஸும் நிறைந்து நிற்கும். சாவி திருப்பியதும் இன்டேக் வெடித்துச் சிதறும். பாட்டிலை மூடி, லைனில் உள்ளதை பர்ஜில் விட்டுவிட்டு, பெட்ரோல் லைனை நாசிலிலிருந்து கழற்றி ஒரு டப்பாவுக்குள் விட்டு, ஒவ்வொரு சொலினாய்டாகத் தனித்தனியே பாருங்கள். ஓட்டும்போதும் 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே, பாதி ஆக்சிலரேட்டரில் நைட்ரஸ் விடக்கூடாது.

டைனோவில் கேட்ட எச்பி வரவில்லை

முதலில் எந்த எச்பி என்று தெளிவு வேண்டும். பல சார்ட்டுகளில் இருப்பது கிராங்கில் வரும் எச்பி. டைனோவில் (வண்டியை ஏற்றிச் சக்தியை அளக்கும் மெஷின்) படிப்பது சக்கரத்தில். கியர்பாக்ஸ், டயர் எல்லாம் சேர்ந்து 15 சதவீதம் தின்றுவிடும். 25 கேட்டு 21 வந்தால் ஜெட் சரியாகத்தான் வேலை செய்கிறது. நம் ஊர் கம்பெனிகள் பெரும்பாலும் பிஎஸ் கணக்கில் சொல்வார்கள்; அது எச்பியை விட ஒன்றரை சதவீதம் சின்ன அலகு. பெரிய வித்தியாசமில்லை, இரண்டையும் கலந்து கூட்டாமல் இருந்தால் போதும்.

25 கேட்டு 12 தான் வருகிறது, புகையும் இல்லை, தட்டலும் இல்லை என்றால் பிளக் மிஸ் ஆகிறதா பாருங்கள். கூடுதல் அழுத்தத்தில் பொறி தாண்ட முடியாமல் அணைந்துபோகும். இடைவெளியை 0.8 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து பாருங்கள், பல வண்டிகளில் அதிலேயே மீதி எச்பி வந்துவிடும். ஒரு படி குளிர்ந்த பிளக் போடுவதும் நல்லது. ஆனால் கடையில் கேட்கும்போது கவனம்: என்ஜிகே பிளக்கில் நம்பர் ஏற ஏறக் குளிர், பாஷில் நம்பர் இறங்க இறங்கக் குளிர். என்ஜிகே பழக்கத்தில் பாஷ் வாங்கி, குளிர்ந்த பிளக் என்று நினைத்துச் சூடான பிளக் மாட்டினால் பிளக் முனையே கொள்ளியாகி, பொறிக்கு முன்பே பற்றவைக்கும்.

பிளக்கும் நன்றாக இருந்து, ஓடும் அழுத்தம் இரண்டும் சரியாக இருந்து, பிளக் நிறம் ரிச் காட்டினால் மட்டும் ஜெட்டுக்கு வாருங்கள். நைட்ரஸ் ஜெட்டைத் தொடாமல் பெட்ரோல் ஜெட்டை ஒரு நம்பர் இறக்குங்கள். ஒரு ஓட்டம், பிளக் பாருங்கள். எச்பி ஏறினால் இன்னொரு நம்பர் யோசிக்கலாம். ஏறவில்லை என்றால் பழைய ஜெட்டையே போட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஜெட்டையும் மாற்றினால் எது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்று பிளக் ஒரு நிறம், ஒன்று மட்டும் வேறு

கலவை சமமாகப் பிரியவில்லை. எம்பிஎஃப்ஐ மேனிஃபோல்டு வெறும் காற்று போவதற்காக வடித்தது. ஒரே நாசிலில் பெட்ரோலையும் சேர்த்து அனுப்பினால் வளைவில் பெட்ரோல் பாரத்தால் நேரே போய்ச் சுவரில் படியும். ஒரு சிலிண்டர் பட்டினி கிடக்கும். நாசிலின் திசையைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். அதில் தீராவிட்டால் அந்த மோசமான சிலிண்டருக்கு எது பாதுகாப்போ அந்த ஜெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் ரிச்சாக ஓடட்டும். அதற்கு மேல் எச்பி வேண்டுமென்றால் சிலிண்டருக்கு ஒரு நாசில் என்று போக வேண்டும்.

ஓட்டாமலே பாட்டில் எடை குறைகிறது, நாசில் பக்கம் பனி பூக்கிறது

சொலினாய்டு கசிகிறது. உள்ளே உள்ள சீல் தேய்ந்திருக்கும் அல்லது தூசு உட்கார்ந்திருக்கும். இரவெல்லாம் மேனிஃபோல்டில் நைட்ரஸ் நிறைந்து நிற்பதால் காலையில் சாவி போடுவதே ஆபத்து. ஓட்டம் முடிந்ததும் பாட்டில் வால்வை மூடி லைனைக் காலி செய்யும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை உங்களை ஒன்றும் செய்யாது. பாட்டிலை மூடிய அறையில் வைக்காதீர்கள். கசியும் நைட்ரஸ் நிறமும் காட்டாமல் அறையில் உள்ள ஆக்சிஜனை ஒதுக்கிவிடும்.

நிரப்பும்போது பாட்டிலில் எழுதியுள்ள எடைக்கு மேல் ஒரு கிராம் கூட வேண்டாம். காலிப் பாட்டில் எடையையும் எழுதி வையுங்கள். அளவுக்கு மீறி நிரப்பினால் வெயிலில் திரவம் விரிய இடமில்லாமல் அழுத்தம் செங்குத்தாக ஏறும். பாதுகாப்புத் தகடு உடைந்து டிக்கி முழுக்க வெண்புகையாகிவிடும்.

ஓட்டம் முடிந்தபின் ஆயில் குச்சி தானாக வெளியே தள்ளுகிறது, நீலப்புகை வருகிறது

பிஸ்டனின் ரிங் பள்ளம் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். எரிந்த வாயு கீழே இறங்கி ஆயில் அறையில் அழுத்தம் கட்டுகிறது. கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பாருங்கள். நாலில் ஒன்று மற்றவற்றை விட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அந்த பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். எதுவாக இருந்தாலும் ஹெட் இறங்கியாக வேண்டும். பாட்டிலைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிஸ்டன் போட்டு, இஞ்சின் பழகிய பிறகு, முன்பு ஓடிய ஜெட்டை மாட்டாமல் 25 எச்பி ஜோடியிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் ஓட்டத்துக்கு முன் இரண்டு கேஜையும் பாருங்கள். ஓட்டத்துக்குப் பின் நாலு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள்.